ஆளைக் காணோமே என்று கேட்டோமா?

நோயைப் படைத்து, அந்நோய்க்கு மருந்தையும் படைத்த வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்! நோயுற்றோரின் வாசல் தேடிச் சென்று நலம் விசாரித்த நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைப் பெருக்கித் துப்புரவு செய்துவந்த கறுப்பு நிறப் பெண்மணி ஒருவர் இருந்தார். பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவரல்லர், பொருள் படைத்தவரல்லர். சில நாட்களாக அவரைக் காணவில்லை. அண்ணலார் தோழர்களிடம் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று தோழர்கள் தெரிவித்தனர். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அந்தப் பெண்மணியின் காரியத்தைத் தோழர்கள் சாதாரணமாக எண்ணிவிட்டார்கள் என்று ஹதீதை அறிவிப்பவர் குறிப்பிடுகிறார். அத்துடன் விஷயம் முடிந்ததா? இல்லை. அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று நின்று, அவருக்காகத் தொழுதார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் நூல்களிலும் இடம்பெற்ற நிகழ்ச்சி இது. மத்ரஸாவில் இதைப் பாடமாக ஓதியபோது, கப்ரின் மீது ஜனாஸாத் தொழுகை தொழலாமா, கூடாதா என்ற சட்டத்தைத்தான் நாங்கள் மனனம் செய்தோம். ஆளைக் காணோமே என்று கேட்ட அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிய 2021ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. எப்படிப் புரிந்தது என்பதை வெட்கத்துடன் உங்கள் முன் வைக்கிறேன்.

என் கதையும் ஒரு சந்தூக்கும்

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே ஒரு சிறிய மஹல்லாவில் அப்போது நான் இமாமாக இருந்தேன். பள்ளிவாசல் தெருவில் சுபுஹுக்குப் பின் இடியாப்பம் விற்க ஒரு மூதாட்டி வருவார். கணவரை இழந்தவர், ஏரிக்கரையோரம் தகரம் வேய்ந்த வீட்டில் மகனோடும் பேரனோடும் வாழ்ந்தவர். எல்லோரும் அவரை நன்னிமா என்றே அழைப்போம். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. "ஹஜரத், காலு மரத்துப்போவுது, துஆ செய்யுங்க" என்பார். நானும் துஆ செய்தேன்.

அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி முதல் அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கொரோனாத் தடுப்பூசி போடும் பணி தொடங்கிற்று. நான் ஜும்ஆவில் மூன்று வாரங்கள் தொடர்ந்து அறிவித்தேன். பெரியவர்களெல்லாம் ஆதார் அட்டையோடு சென்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள், நோய்க்கு மருந்து தேடுவது நம் நாயகத்தின் வழிமுறை என்று அழுத்தமாகவே பேசினேன். என் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

மே மாதம் வந்தது. ஊரடங்கு வந்தது. இடியாப்பக் குரல் கேட்கவில்லை. வியாபாரம் இல்லாததால் வரவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் பேரன் வந்தான். பள்ளிவாசல் வாசலிலேயே நின்றுகொண்டு சந்தூக் கேட்டான்.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பேருந்து நின்றதால் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகமுடியவில்லை. ஏப்ரல் முடிவிலேயே மாத்திரை தீர்ந்துவிட்டது. மகன் செங்கல் சூளையில் தங்கி வேலை செய்தார். பேரனிடமிருந்த கைப்பேசியில் பேசப் பணமில்லை. மூச்சு முட்டியபோது 108க்கு அழைப்பது எப்படி என்றுகூட அந்தச் சிறுவனுக்குத் தெரியவில்லை. ஊசி போட்டுக்கொண்டாரா என்று கேட்டேன். "எந்த ஊசி ஹஜரத்?" என்று திருப்பிக் கேட்டான்.

சகோதரர்களே! அந்த ஒரு கேள்வியில் நான் சுருங்கிப் போனேன். நான் அறிவித்தது யாருக்கு? ஜும்ஆவுக்கு வந்திருந்த ஆண்களுக்கு. அவர்களில் பெரும்பாலோர் செய்தியைத் தாமே கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். ஜும்ஆ கடமையில்லாத பெண்களுக்கு என் குரல் எட்டவில்லை. சூளையில் இருந்த மகனுக்கு எட்டவில்லை. படுக்கையில் கிடந்தவர்களுக்கு எட்டவில்லை. எவருக்குச் செய்தி மிகவும் தேவையோ, அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் நான் பயான் செய்திருக்கிறேன். நம் மஹல்லாவிலிருந்து அந்த மூதாட்டியின் வாசலுக்கு முதலில் சென்றது மருந்தல்ல, சந்தூக்!

நோய் பொது, நிவாரணம் பொதுவா?

பெருந்தொற்றுக்கு ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடு கிடையாது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிருமிக்கு வேறுபாடு தெரியாது என்பது மெய்தான். ஆனால் அதிலிருந்து தப்பிக்கும் வழிகள் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. 1918ஆம் ஆண்டு உலகையே உலுக்கிய விஷக் காய்ச்சல் பம்பாய் நகரைத் தாக்கியபோது எடுத்த கணக்கு இன்றும் வரலாற்றில் இருக்கிறது. ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு எட்டுப் பேர் இறந்தனர். பார்சிகளில் ஒன்பது பேர். முஸ்லிம்களில் சுமார் 19 பேர். ஒடுக்கப்பட்ட சாதி மக்களிலோ ஆயிரத்துக்கு 61 பேர் மடிந்தனர். ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே காய்ச்சல்! நெருக்கமான குடிசையும், ஒட்டிய வயிறும், பார்க்க ஆளில்லாத படுக்கையுமே இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கின.

நூறாண்டுகள் கழித்து நம் பகுதியில் நடந்ததைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நம் ஊரின் பெயரைத் தாங்கிய பூந்தமல்லி நெடுஞ்சாலை, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் கடந்து, சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வரை செல்கிறது. சொந்த வாகனம் உள்ளவருக்கு அது ஒரு மணி நேரப் பயணம். 2020 மார்ச்சில் பேருந்தும் ரயிலும் நின்றபோது, வாகனமற்றவருக்கு அதே சாலை கடக்கமுடியாத பாலைவனமாகிவிட்டது. 2021 மே மாதத்தில் அந்தப் பெரிய மருத்துவமனை வாசலில் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் காத்துநின்ற காட்சியை யார்தான் மறக்க முடியும்?

நம் பகுதியில் வசதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. பூந்தமல்லியில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொதுச் சுகாதார நிறுவனம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்த பயணிகளைத் தனிமைப்படுத்திக் கண்காணித்த இடங்களில் அதுவும் ஒன்று. ஆவடியிலுள்ள படைத்துறை உடைத் தொழிற்சாலை மருத்துவர்களுக்கான பாதுகாப்பு உடைகளைத் தைத்தது. கோயம்பேடு சந்தை 2020 மே மாதத்தில் மூடப்பட்டபோது, மாநகருக்கே காய்கறி கொடுக்கும் சந்தை நம் திருமழிசைக்கு வந்தது. ஊருக்கெல்லாம் உடையும் காயும் இங்கிருந்து சென்றன. ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாட்கூலிக்கு வேலை பார்த்தவரும், திருமழிசையில் மூட்டை சுமந்தவரும், திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் செங்கல் அறுக்க ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களும், ஏரிக்கரைகளில் வாழும் இருளர் மக்களும் எந்தக் கணக்கில் இருந்தார்கள்?

2021 மே 1 முதல் 18 வயது நிரம்பியோருக்கும் தடுப்பூசி என்று அறிவித்தார்கள். ஆனால் 45 வயதுக்குட்பட்டோர் முதலில் இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்றார்கள். நல்ல கைப்பேசியும், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளையும் உள்ள வீடு முந்திக்கொண்டது. படிப்பில்லாத வீடு பின்தங்கியது. இந்த ஏற்றத்தாழ்வை உச்ச நீதிமன்றமே அந்நாளில் சுட்டிக்காட்டியது. ஜூன் 21 முதல் நேரில் சென்றாலே போதும், கட்டணமும் இல்லை என்ற நிலை வந்தது. தமிழக அரசு ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி, சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே கொடுக்க ஏற்பாடு செய்தது. செப்டம்பர் 12ஆம் தேதி, தேர்தலுக்கு வாக்குச்சாவடி அமைப்பது போல, மாநிலமெங்கும் சுமார் 40,000 இடங்களில் முகாம் அமைத்தபோது, ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். மக்களுக்கு விருப்பமில்லை, அறியாமை மிகுந்தவர்கள் என்றெல்லாம் அதுவரை நாம் பேசிவந்தோமே! மருந்து அவர்களருகே சென்றபோது அவர்கள் கை நீட்டத்தானே செய்தார்கள்?

நன்னிமாவுக்கு மாத்திரை வீடு தேடி வரும் காலமும் வந்தது. அவர் கப்ரில் அடங்கி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.

விதியென்று சொல்லி விலகலாமா?

அவருடைய அஜல் அவ்வளவுதான் என்று ஒரு பெரியவர் எனக்கு ஆறுதல் சொன்னார். மரணத்தின் நேரம் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் இறந்தவருக்காகச் சொல்லவேண்டிய அந்தச் சொல்லை, இருப்பவர்கள் தம் கடமையை மறைக்கும் திரையாக ஆக்கிக்கொள்ளலாகாது.

ஹஜரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் பயணம் சென்றபோது, சர்ஃக் என்னுமிடத்தில் படைத்தலைவர் அபூஉபைதா (ரலி) அவர்கள் எதிர்கொண்டு, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். அன்ஸார்களை அழைத்து ஆலோசித்தார்கள். குறைஷி முதியோரையும் கலந்தார்கள். இறுதியில் திரும்பிச் செல்ல முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று பொருள்பட விடையளித்துவிட்டு, உமர் (ரலி) அவர்கள் ஓர் உதாரணமும் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும், மறுபக்கம் வறண்டும் இருக்கிறது. ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது இறைவிதிப்படியே நடக்கிறது என்பதே அதன் கருத்து. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், அவ்வூரிலிருந்து தப்பியோடி வெளியேறவும் செய்யாதீர்கள் என்ற பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து தெரிவித்தபோது, உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள்.

இந்த உதாரணத்தில் நமக்கொரு பாடம் இருக்கிறது. பசுமைப் பக்கம் எது, வறண்ட பக்கம் எது என்பது மேய்ப்பவனுக்குத் தெரியும், ஒட்டகத்துக்குத் தெரியாது. தெரிந்தவனே வழிகாட்டிச் செல்லவேண்டும். நம்மில் ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்றல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்! முத்தவல்லியும் இமாமும் படித்த வாலிபரும் அந்த விசாரணையிலிருந்து எப்படித் தப்ப முடியும்?

ஒரு மஹல்லாவில் ஒருவர் இறந்தால் அவரைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்குவது பர்ளு கிபாயா. சிலர் செய்தால் எல்லோர் மீதும் கடமை நீங்கும். எவருமே செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும். இது நம் சிறுவர்களுக்கும் தெரியும். அதற்காகச் சந்தூக் வைத்திருக்கிறோம், கபன் துணி வைத்திருக்கிறோம், குழி வெட்ட ஆள் வைத்திருக்கிறோம். ஆபத்திலிருக்கும் உயிரைக் காப்பதும் பர்ளு கிபாயாவே என்று பிக்ஹு நூல்கள் கூறுகின்றனவே, அதற்கு என்ன வைத்திருக்கிறோம்? ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்ற கருத்தை இறைமறை நமக்குக் கற்பித்திருக்க, மவ்த்துக்கு மட்டும் ஆயத்தமாக இருப்பது நியாயமா?

பள்ளிவாசலுக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போரும் உளர். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆது (ரலி) அவர்களுக்காக, அருகிலிருந்து நலம் விசாரிக்க வசதியாக, நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். காயமுற்றோருக்கு மருத்துவம் செய்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் பெயரையும் வரலாறு பாதுகாத்து வைத்திருக்கிறது. அந்த மரபில் வந்ததே, 2021 ஏப்ரலில் வதோதரா நகரின் ஜஹாங்கீர்புரா பள்ளிவாசல் ஐம்பது படுக்கைகள் கொண்ட சிகிச்சை நிலையமான செய்தி.

ஒதுக்கப்பட்ட வலி நமக்குத் தெரியும்

2020 ஏப்ரலில், டெல்லி நிஜாமுத்தீன் மாநாட்டைக் காரணம் காட்டி, நோயின் பெயரால் நம் சமுதாயத்தின் மீதே விரல் நீட்டினார்கள். காய்கறி விற்ற நம்மவரின் பெயரைக் கேட்டுவிட்டு வாங்காமல் சென்றோர் உண்டு. அந்த அச்சத்தில், காய்ச்சல் கண்டும் சொல்லாமல் மறைத்த வீடுகளும் உண்டு. அவமானம் நோயைவிடக் கொடியது. அது மருந்தை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடும். அந்த மாநாட்டிற்குச் சென்றுவந்து நோயுற்றுக் குணமானவர்களில் பலர் பிற நோயாளிகளுக்காகத் தம் இரத்தத்தின் பிளாஸ்மாவைக் கொடுத்தார்கள் என்பதையும் நாடு கண்டது.

ஒதுக்கப்படுவதன் வலியை அறிந்த நாம் பிறரை ஒதுக்கலாமா? வடக்கிலிருந்து வந்த தொழிலாளியைப் பார்த்து, இவன்தான் நோயைக் கொண்டுவந்தான் என்று நம் வாயும் சொல்லியிருக்கிறதே! அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஓர் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இறைச்சிக்கே அண்டை வீட்டாரின் மார்க்கத்தைப் பார்க்காதவர்கள், மருந்துக்கும் மூச்சுக்கும் பார்ப்பார்களா?

இனி என்ன செய்யலாம்?

2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. முகக்கவசங்களைக் கழற்றிவிட்டோம். ஆனால் அன்று உயிரைக் கொண்டுபோன காரணங்கள், தீராத சர்க்கரையும் தூரமும் தனிமையும் தகவலின்மையும், இன்றும் அந்தத் தகர வீடுகளில்தான் குடியிருக்கின்றன. அடுத்த நோய் எப்போது வருமென்று எவரறிவார்? யூசுப் (அலை) அவர்கள் செழிப்பான ஆண்டுகளிலேயே பஞ்சத்திற்காகச் சேமித்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

எங்கள் மஹல்லாவில் அந்த மவ்த்துக்குப் பின் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினோம். பெரிய திட்டமொன்றுமில்லை; இருபது ரூபாய் நோட்டு. தெருவாரியாக வீடுகளை எழுதினோம். தனியாக வாழும் முதியோர் யார்? சர்க்கரை, கொதிப்பு, காசம் உள்ளோர் யார்? கர்ப்பிணிகள் யார்? எந்தப் பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறது? எந்த வீட்டில் கைப்பேசி இல்லை? பள்ளிவாசல் சந்தாப் புத்தகத்தில் பெயரில்லாத குடும்பங்களையும், சூளையில் தங்கியிருப்போரையும் சேர்த்தோம். பெண்களை விசாரிக்கப் பெண்களே சென்றார்கள். எங்கள் ஆண்கள் மூன்று வாரங்களில் அறியாததை அவர்கள் மூன்று நாட்களில் அறிந்துவந்தார்கள்.

பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் சென்றோம். யாருக்கு மாத்திரை வீடு தேடி வரவேண்டும் என்று அவரே குறித்துக்கொண்டார். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் உள்ளவர்களைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினோம்; பரிசோதனையும் காசநோய் சிகிச்சையும் அரசாங்கத்தில் இலவசம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். பெற்றோரைக் கொரோனாவில் இழந்த பிள்ளைகளுக்கு அரசு நிதியுதவி அறிவித்தபோதுகூட, தாள் இல்லாமல் உரிமையை இழந்த வீடுகளை அப்போதுதான் கண்டோம்.

ஒன்றை முக்கியமாகச் சொல்லவேண்டும். மருத்துவம் இலவசமாக இருக்கலாம். மருத்துவமனைக்குப் போகும் நாள் இலவசமல்ல. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். ஆட்டோ வாடகையும் சேரும். அதனால்தான் ஏழைகள் நோய் முற்றும்வரை பொறுத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஜகாத்தைக் கணக்கிடும்போது, ஏழைச் சகோதரரின் பயணச் செலவையும் இழந்த கூலியையும் நினைவில் வையுங்கள். சகோதர சமயத்து அண்டை வீட்டாருக்கு ஸதகாவிலிருந்து கொடுங்கள். ரமலானில் சேலை கொடுப்பதற்குள்ள நன்மை, ஷவ்வாலில் மாத்திரைக்கு வழி செய்வதற்கு இல்லாமல் போய்விடாது.

தாய்மார்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருபவர், பால் ஊற்றுபவர், பூ விற்பவர் இரண்டு நாள் வரவில்லையென்றால், வேறு ஆளைத் தேடுவதற்கு முன் அவர் வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்புங்கள். வேலை நின்றதே என்று வருந்தும் மனம், ஆள் நின்றாரே என்று ஒருமுறை கேட்கட்டும்.

மறுமை நாளில் அல்லாஹுத்தஆலா அடியானிடம், நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை நலம் விசாரிக்க வரவில்லையே என்ற பொருளில் கேட்பான் என்றும், அடியான் திகைத்து நிற்கும்போது, என் அடியான் ஒருவன் நோயுற்றிருந்தான், அவனிடம் சென்றிருந்தால் என்னை அங்கே கண்டிருப்பாய் என்று உணர்த்துவான் என்றும் ஹதீது குத்ஸீ வழியாக அறிகிறோம். ஏரிக்கரையிலிருந்த அந்தத் தகர வீடு எங்கள் பள்ளிவாசலிலிருந்து முந்நூறு அடி தூரம்கூட இருக்காது. ஒன்பது நாட்கள் அந்தத் தூரத்தை நான் கடக்கவில்லை. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

யா அல்லாஹ்! மறக்கப்பட்ட நிலையில் மடிந்தோரின் கப்ருகளை விசாலமாக்குவாயாக! எங்கள் தெருக்களில் காணாமற்போனவரைத் தேடும் கண்களை எங்களுக்குத் தருவாயாக! சந்தூக் சென்றடையும் முன் மருந்தோடு சென்றடையும் கால்களை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!